பட்டியலிலிருந்து நீக்கம்: பிப்ரவரி 2021

1

இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து வந்தது. என் எம்.ஏ. ப்ராஜெக்டுக்காக நான் போட்ட அட்டவணை. பயங்கரவாதத்துக்கு அமெரிக்க நிர்வாகங்களின் எதிர்வினை: ஓர் ஒப்பீடு. ஐந்து கட்டங்கள். கிளின்டன், புஷ், ஒபாமா, டிரம்ப், பைடன். ஐந்தாவது கட்டத்தில் இருந்த ஒரு வரியை நம்பி என் அண்ணன் ஜெரால்டு கப்பல் ஏறினான். அந்தக் கப்பல் எங்கே இருக்கிறது என்று ஐந்து நாளாகத் தெரியவில்லை.

இன்று 2024 ஜனவரி 21, ஞாயிறு. முதலிலேயே சொல்லிவிட்டேன். கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைத் திடுக்கிட வைக்க எனக்குத் தெம்பில்லை.

2

'கட்டுமாவடிக் கரையில் அலைகள் சீறிக்கொண்டு' என்று முதலில் இந்தக் கதையை ஆரம்பித்தேன். பொய். எங்கள் கடல் குளம் மாதிரி கிடக்கும்.

அடுத்தது: '1998இல் இரண்டு அமெரிக்கத் தூதரகங்களில் குண்டு வெடித்தபோது நான் பிறந்திருக்கவில்லை.' இது ப்ராஜெக்டின் முதல் வரி. என் கைடு சுந்தரேசன் சார் சிவப்பு மையால் அடித்துவிட்டார். "நீ பொறந்தியா பொறக்கலையான்னு யாரும்மா கேட்டா? டேபிளைப் போடு, போதும்."

(சாரை முதல் வரைவில் வில்லனாக எழுதினேன். பழி போட ஓர் ஆள் தேவைப்பட்டது. அவர் வில்லன் இல்லை. புதுக்கோட்டையிலிருந்து கடைசி பஸ்ஸை நான் விட்டுவிடக் கூடாது என்று மூன்றரைக்கே அனுப்பிவைப்பவர். அந்த வரைவை அடித்துவிட்டேன்.)

3

அட்டவணையைச் சுருக்கித் தருகிறேன். கிளின்டன் ஏவுகணை விட்டார்; சில சூடானில் மருந்துத் தொழிற்சாலையில் விழுந்தன. புஷ் இரண்டு நாடுகளுக்குள் படையை அனுப்பினார். ஒபாமா படையைக் குறைத்து ஆளில்லா விமானத்தைக் கூட்டினார். டிரம்ப் பதவி முடிகிற வாரத்தில் ஏமனின் ஹவுதிகளைப் பயங்கரவாதிகள் பட்டியலில் சேர்த்தார். பைடன் அடுத்த மாதமே எடுத்துவிட்டார்.

எல்லாக் கட்டத்திலும் அடித்தவர் பெயர் இருக்கிறது. விழுந்த இடத்தில் யார் இருந்தார்கள் என்பதற்கு ஒரு வரிசை சேர்த்தேன். "எமோஷன் வேண்டாம்மா" என்றார் சார். எடுத்துவிட்டேன். சண்டை போட்டிருக்க வேண்டும். மதிப்பெண் அவர் கையில் இருந்தது.

4

டிசம்பர் முதல் வாரம். கப்பல் வேலைக்காகச் சென்னையில் காத்திருந்த அண்ணன் போனில் கூப்பிட்டான்.

"ஏய் ஷர்லி, ஏமன்காரனுங்க கப்பலப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்கன்னு நியூஸ்ல வருது. ஏஜென்ட் அந்தப் பக்கம் போற கப்பலுக்குத்தான் கூப்புடுறாரு. நீ இதத்தான படிக்கிற? போகவா, வேணாமா?"

"அவங்கள அமெரிக்காக்காரன் பட்டியல்லேருந்து எடுத்து மூணு வருசம் ஆகப்போவுதுண்ணே. இம்புட்டு நடந்தும் திரும்பச் சேக்கல. பெரிய ஆபத்துன்னா சேக்காமலா இருப்பான்?"

"அப்ப போகலாங்குற."

"போ. பயமா இருந்தா இங்கிட்டு வந்து நண்டு பொறுக்கு."

சிரித்தான். போனை வைத்துவிட்டான்.

ஹவுதிகள் பெயரை ஏன் எடுத்தார்கள் தெரியுமா? பட்டியலில் இருந்தால் பட்டினி கிடக்கும் ஏமன் சனங்களுக்கு உணவும் மருந்தும் போய்ச் சேராது என்பதால் எடுத்தார்கள். அவர்களிடம் ஏவுகணை தீர்ந்துபோய்விட்டது என்பதால் அல்ல. என் ப்ராஜெக்டின் நாற்பத்தோராம் பக்கத்தில் நானே இதை எழுதியிருக்கிறேன். ஆனால் அண்ணன் முதல்முறையாக என்னிடம் யோசனை கேட்கிறான். எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் வாசலை மிதித்தவள் 'தெரியாதுண்ணே' என்றா சொல்வாள்?

5

ஜனவரி 12: அமெரிக்கா ஏமனில் குண்டு போட்டது. 14: அண்ணனின் குரல் செய்தி, "சூயஸ் தாண்டிட்டோம், பொங்கலுக்கு வாழ்த்து." 16: போனில் நான் பார்த்துக்கொண்டிருந்த வரைபடத்தில் அவன் கப்பலின் அம்புக்குறி மறைந்தது. 17: திரும்பவும் பட்டியலில் சேர்ப்பதாக அமெரிக்கா அறிவித்தது.

"பாதுகாப்புக்கு அவங்களே சிக்னலை அணைச்சிருப்பாங்கம்மா" என்கிறார் ஏஜென்ட். ஐந்து நாளும் இதே வாக்கியம். முதல் நாள் நம்பினேன்.

நேற்று பக்கத்து வீட்டு ரஞ்சிதா அக்கா தூக்குவாளியில் சோறும் குழம்பும் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் அடுப்பு எரியாத வீட்டுக்குத்தான் அப்படிச் சோறு வரும். சாவு விழுந்த வீட்டுக்கு.

வீட்டில் இப்போது நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா எழுந்திருக்கவில்லை. "எங்க வீட்டுல அடுப்பு எரியுது. எடுத்துக்கிட்டுப் போ ரஞ்சிதா."

"ஷர்லி சாப்புடாம கெடக்குறாளேன்னுதாங்க்கா..."

"என் புள்ளைக்கு நான் பொங்கிப் போடுவேன். மூடிய நல்லா மூடு, ஈ மொய்க்குது."

அக்கா போன பிறகு அம்மாவிடம் நான் எல்லாவற்றையும்

அக்கா போன பிறகு நான் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து

(இந்த வாக்கியத்தை நேற்றிலிருந்து முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

6

முடிவு ஒன்று: போன் அடிக்கிறது. "நண்டு பொறுக்க வாரேன்டி" என்கிறான். இதை நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் கைபேசியைத் திருப்பிப் பார்த்தேன்.

முடிவு இரண்டு: ஏஜென்ட் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லாமல் 'அம்மா இருக்காங்களா' என்று

எழுத மாட்டேன்.

உங்களுக்கு வேண்டியதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சோம்பலில் சொல்லவில்லை. கடைசியாக நான் அடித்துச் சொன்ன ஒரு வாக்கியத்தை ஒருவன் நம்பினான்.

7

சற்றுமுன் அம்மா மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்தாள். சேலையை மாற்றவில்லை. நேராக அடுப்பைப் பற்றவைத்து உலை வைத்தாள். நான் இந்தத் தாள்களை மூடிவிட்டுப் பின்னால் போய் நின்றேன்.

"அம்மா, அண்ணனப் போகச் சொன்னது நாந்தான்."

"தெரியும்."

"எப்புடி?"

"சொல்லிட்டுத்தான் போனான். நான் வேணாம்னேன். 'ஷர்லி பாத்துச் சொல்லிட்டா, ஒண்ணும் ஆகாது'ன்னான். ஒன் பேரச் சொன்னதும் நானும் வாய மூடிக்கிட்டேன்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, மேசைமேல் கிடந்த ப்ராஜெக்டைப் பார்த்தாள்.

"இப்ப என்ன போட்டிருக்கு அதுல? பாத்துச் சொல்லு. வந்துருவானா?"

முறம் நின்றுவிட்டது. ஏஜென்டின் வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது.

"தெரியாதும்மா" என்றேன்.

அம்மா மறுபடி முறத்தைப் புடைத்தாள். பிறகு மூன்று பேருக்கு அரிசி களைந்து உலையில் போட்டாள்.