முதல் இழுப்பு

எங்கள் மின்சிகரெட் கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஆவியாகும் ஜூஸ் ஊற்றுகிற டேங்கில் பஞ்சு மாற்றினால் முதல் இழுப்பு மாற்றியவனுக்கு. நாலைந்து தடவை இழுத்துப் பார்த்து, கருகல் இல்லை, கசிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். அதற்கென்றே என் சொந்த வாய்முனை ஒன்று கழுத்துச் சங்கிலியில் தொங்கும். பொருத்துவேன், இழுப்பேன், கழற்றித் துடைத்து மறுபடி கழுத்தில் மாட்டிக்கொள்வேன். மேரு சாலையில் நாலு வேப் கடைகள் இருக்கின்றன. லோகேஸ் இழுத்துக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று எங்கள் கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பற்றிச் சொல்வார்கள்.

டிசம்பரில் ஐந்து நாள் காய்ச்சல் வந்தது. போகும்போது நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு, புளிப்பு, உறைப்பு, வாசனை, ஒன்றும் இல்லை. கிளினிக் டாக்டர், திரும்பி வரும், அவசரப்படாதீர்கள் என்றார். நான் அவசரப்படவில்லை. வரவும் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. பயந்து மறைத்தேன் என்று சொன்னால் கூட மரியாதையாக இருக்கும். பயம் கூட சரியாக வரவில்லை. ருசி போனதோடு மற்றதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. பசி வராது, மணியைப் பார்த்துச் சாப்பிடுவேன். என் மோட்டார் சைக்கிளை ஒருவன் இடித்துக் கீழே தள்ளினான். தூக்கி நிறுத்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாவம், அவன்தான் பயந்துபோனான்.

இதில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என் மனைவி மங்கை. பதினாலு வருஷமாக அவள் குழம்பில் குற்றம் கண்டுபிடித்தே சாப்பிட்டவன் நான். இப்போது எதை வைத்தாலும் காலி பண்ணிவிட்டு எழுந்துவிடுகிறேன். "காய்ச்சல் வந்தாலும் வந்துச்சி, மனுசன் திருந்திட்டாரு" என்று அவள் தங்கச்சியிடம் போனில் சொன்னதைக் கேட்டேன். கேட்டும் சும்மா இருந்தேன்.

வேலையும் நடந்தது. கையும் கண்ணும் பழகியதுதானே. ஸ்க்ரூடிரைவர் தண்டில் கம்பியைச் சுற்றுவேன், மின்தடை பார்க்க ஓம் மீட்டரில் வைப்பேன், பட்டனை விட்டு விட்டு அழுத்தி, சிவப்பு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே சீராகப் பரவுகிறதா என்று பார்ப்பேன். பஞ்சைக் காயிலுக்குள், அந்தக் கம்பிச் சுருளுக்குள், நுழைத்து இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும், காயில் கோணக் கூடாது. மீதியை வெட்டி, இரண்டு வாலையும் ஜூஸ் வரும் துளைகள் மேல் மூடினாற்போல் வைக்க வேண்டும். குறைந்தால் ஒழுகும். கூடினால் ஜூஸ் ஏறாமல் கருகும். பிறகு வழக்கப்படி இழுப்பேன். சூடாக என்னவோ உள்ளே போகும், வெள்ளையாக வெளியே வரும். தலையாட்டிவிட்டுக் கொடுத்துவிடுவேன்.

பாக்சிக் மொக்தாரின் டேங்கையும் அப்படித்தான் கொடுத்தேன்.

பாக்சிக் என்றால் மலாயில் மாமா. அவர் முப்பத்தெட்டு வருஷம் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டியவர். ஒரு நாளைக்கு இரண்டு பெட்டி சிகரெட். நெஞ்சில் அடைப்புக்குக் குழாய் வைத்த பிறகு டாக்டர் எல்லாவற்றையும் விடச் சொன்னார். எல்லாவற்றையும் விட்டால் எதற்கு உயிரோடு இருப்பது என்று கேட்டுக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். அது போன வருஷம் ஜூனில், என் நாக்கு என்னோடு இருந்த காலம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த காயில்களையெல்லாம் பார்த்துவிட்டு, பின்னல் பின்னலாக இருந்த பெரிய ஒன்றைக் காட்டினார்.

"இது நல்லா அழகா இருக்கு, இத போடு."

"அது மேகம் மாதிரி ஆவி விடுறவங்களுக்கு, பாக்சிக். நீங்க இழுத்தா உங்க நெஞ்சுல இருக்கிற குழா தனியா கழண்டு வந்துரும்."

"அப்ப எனக்கு என்னா?"

"உங்களுக்கு சிகரெட் மாதிரி இறுக்கமா வேணும். மெலிசு கம்பி, ஆறு சுத்து, சின்ன டேங்கு. பாக்க கொசு மாதிரி இருக்கும், ஆனா அதுதான் உங்களுக்கு."

"கொசுவா? நாப்பது சீட்டு பஸ்ஸு ஓட்டுனவன் நானு!"

அன்று மூன்று காயில், இரண்டு விதப் பஞ்சு மாற்றிப் பார்த்தேன். கோப்பி ஜூஸ்தான் வேண்டும் என்றார். ஒரு பஞ்சில் கோப்பி துணி வாடை அடித்தது, தூக்கிப் போட்டேன். இன்னொன்றில் சரியாக வந்தது. அவர் இழுத்துவிட்டுக் கண்ணை மூடினார். "காஜாங் டிப்போல, காலையில அஞ்சு மணிக்கு, மொத சிகரெட்டும் பாலில்லாத கோப்பி ஓவும்" என்றார். அதோடு சிகரெட்டை விட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை செவ்வாய்க்கிழமை வருவார், நான் பஞ்சு மாற்றிக் கொடுப்பேன். எத்தனை மாசம் ஆயிற்று என்று அவரே விரலில் எண்ணிச் சொல்வார்.

நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். மத்தியானம் போனேன். அவர் மனைவி மாக்சிக் ரொக்கியா ரெண்டாங் இறைச்சி, கெதுபாட் சோறு எல்லாம் வைத்தார். மற்ற விருந்தாளிகள் ரெண்டாங்கைக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, சிராப் தண்ணியை மட்டும் மறுபடி மறுபடி ஊற்றிக் குடித்தார்கள். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். ரொம்ப நல்லா இருக்கு என்றேன். மாக்சிக் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பெருநாள் கழிந்து கடைக்குப் புதுப் பஞ்சு வந்தது. பழைய பஞ்சு கிடைக்கவில்லை, இது இன்னும் உசத்தி என்று எங்கள் முதலாளி தவுக்கே தெங் பெட்டியை மேசையில் வைத்தார். தவுக்கே நல்ல மனிதர், ஆனால் பஞ்சைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது வெள்ளையாக இருக்கும் என்பது மட்டும்தான். நான் பழைய அளவிலேயே வெட்டி, பழைய அளவிலேயே திணித்தேன். அந்தப் பஞ்சு ஜூஸ் பட்டதும் முன்னதைவிட அதிகமாக ஊதும். பெரிய டேங்குகளில் துளை அகலம், தாங்கிக்கொண்டது. பாக்சிக்கின் கொசு டேங்கில் அடைத்துக்கொண்டது.

கருகல் முதலில் நாக்கின் ஓரத்தில்தான் தெரியும். தொண்டையைக் கடிப்பதற்கு இன்னும் பத்துப் பதினைந்து இழுப்பு ஆகும். அதற்காகத்தான் முதல் இழுப்பை எங்களுக்கு வைத்திருக்கிறார்கள். நான் இழுத்தேன், தலையாட்டினேன், கொடுத்தேன். அவர் இழுத்தார். புருவம் கொஞ்சம் ஏறி இறங்கியது.

"எப்படி, பாக்சிக்?"

"நல்லா இருக்கு."

இரண்டு வாரம் கழித்து வந்தார். அப்போதும் நல்லா இருக்கு. மூன்றாவது தடவையும் நல்லா இருக்கு. பிறகு வரவில்லை. இரண்டு செவ்வாய்க்கிழமை போனது. அவர் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

ஜூன் மாசம் ஒரு நாள் காலை மாக்சிக் ரொக்கியா தனியாக வந்தார். பிளாஸ்டிக் பையிலிருந்து அந்த டேங்கை எடுத்து மேசையில் வைத்தார்.

"இத யாருக்காச்சும் குடுத்துரு. வீட்டுல வேணாம்."

"ஏன் மாக்சிக், பாக்சிக்குக்கு என்னா?"

"அவரு பழையபடி சிகரெட்டு பிடிக்கிறாரு. ஒரு மாசமாச்சி."

நான் டேங்கைக் கையில் எடுத்தேன். மாக்சிக் குரலைத் தாழ்த்தினார். தவுக்கே உள்ளே போனில் இருந்தார்.

"கருகி கருகி வருதுன்னாரு. கருகுனதத்தான் இழுக்கணும்னா சிகரெட்டையே இழுத்துட்டுப் போறேன்னாரு. போய் அந்தப் பையன்கிட்ட சொல்லுங்கன்னேன். மாட்டேன்னுட்டாரு."

"ஏன்?"

"உன் நாக்கு போச்சுன்னு எங்களுக்குத் தெரியும், லோகேஸ். பெருநாள் அன்னைக்கி நான் ரெண்டாங்குல ரெண்டு தடவ உப்பு போட்டுட்டேன். என் சொந்த அக்கா வாயில வச்சிட்டு தூ தூன்னா. நீ ரெண்டு தட்டு சாப்ட்டுட்டு கைய நக்குன." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "அவனோட தவுக்கே காதுல விழுந்தா வேல போயிரும், நீ வாயத் தொறக்காதன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. மனுசன் முகத்துக்கு நேரா எதயும் சொல்ல மாட்டாரு. முப்பத்தெட்டு வருசத்துல ஒரு பயணியையும் திட்டுனதில்ல. எனக்குத்தான் பொறுக்கல."

அவர் போன பிறகு டேங்கைத் திறந்தேன். காயிலுக்கு அடியில் பஞ்சு கரியாக இருந்தது. கோப்பி ஜூஸில் பஞ்சு பழுப்பாகும், அது வேறு. இது கரி, நடுவில் ஓட்டை விழுந்த கரி. இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் பஞ்சு மாற்றும்போது இதே மாதிரிக் கரியை இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டது நான்தான். பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. என் நாக்கைக் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. கண் நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் இடைவேளையில் பாக்சிக்கின் டேங்கையும், கோப்பி ஜூஸையும், கருவிப் பையையும், அதன் அடியில் கிடந்த பழைய பஞ்சு ஒரு துண்டையும், புதுப் பஞ்சையும் எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்து சாப்பாட்டுக் கடைக்குப் போனேன். பாக்சிக் பகலில் அங்கேதான் இருப்பார். இருந்தார். முன்னால் கோப்பி ஓ, கையில் சிகரெட். என்னைக் கண்டதும் சிகரெட்டை மேசைக்கு அடியில் கொண்டுபோனார். எழுபது வயது மனிதர்.

"மாக்சிக் கடைக்கு வந்தாங்க," என்றேன்.

"சொல்லிட்டாளா?"

"ம்."

"அந்தக் கெழவி வாயில தச்சு வச்சாலும் நூல அறுத்துரும்."

நான் உட்கார்ந்து கருவிகளை விரித்தேன். பழைய காயிலைக் கழற்றிப் போட்டேன். மெலிசு கம்பி, ஆறு சுற்று. "எந்தப் பஞ்சு வேணும், பாக்சிக்? பழசு ஒரே ஒரு துண்டு இருக்கு. புதுசு கடையில நெறய இருக்கு."

"எனக்கென்னா தெரியும்? நீ பாத்து போடு."

"எனக்குத் தெரியல. எனக்கு ருசியே தெரியல."

டிசம்பருக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மீ கோரெங் சாப்பிடப் போனார்.

"தெரியும்," என்றார் பாக்சிக்.

பழைய துண்டு முடிந்தால் முடிந்தது, இனி பழகியாக வேண்டும் என்று புதுசையே எடுத்தேன். நுழைத்தேன், வெட்டினேன், ஜூஸ் விட்டேன். வாய்முனையை என் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. டேங்கை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"மொத இழுப்பு நீங்க."

"அது உன் வேலயில்ல?"

"இழுங்க. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லாதீங்க."

இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தாவதில் முகம் சுருங்கியது. என்னைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அந்தப் பெரிய முகம் தவித்தது.

"கருகுது," என்றார் மெதுவாக.

எடுத்தேன். பஞ்சின் வால்களைச் சீப்பால் சீவி மெலிசாக்கினேன். மறுபடி கொடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் கருகுது." இப்போது குரல் முன்னைவிடத் தைரியமாக இருந்தது. மூன்றாவது தடவை, "என்னடா இது, டயர எரிச்ச மாதிரி" என்றார். நான் இன்னும் சீவினேன், துளை பாதி தெரிகிற அளவுக்கு. என் கை வெட்டிப் பழகிய அளவில் ஏறக்குறைய பாதி அது.

நாலாவது தடவை முகம் சுருங்கவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தார். பத்து, பதினைந்து. கண்ணை மூடினார்.

"காஜாங் டிப்போ," என்றார்.

டேங்கை மேசையில் வைத்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து கையை எடுத்தார். சிகரெட் அணைந்திருந்தது. புதிதாக ஒன்றை எடுத்துப் பற்றவைத்தார்.

"பாக்சிக்..."

"நல்லா இருக்குடா. நெசமாத்தான் சொல்றேன். ஆனா மறுபடி பழகிருச்சி. பதினோரு மாசம் தொடாம இருந்தேன், ஒரே நாள்தான் ஆச்சு மறுபடி தொட." புகையை என் மேல் படாமல் தலையைத் திருப்பி விட்டார். "பாக்கலாம். ரெண்டையும் வச்சிக்கிட்டு பாக்கலாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறு மாசத்தில் எனக்குள் வந்த முதல் உணர்ச்சி அதுதான், வேறு ஏதாவதாக இருந்திருக்கலாம். அவர் நெஞ்சில் ஒரு குழாய் இருக்கிறது. என் முகம் வாடக்கூடாது என்று அவர் மூன்று தடவை கரியை இழுத்து நல்லா இருக்கு என்றார். காற்று திரும்பிப் புகை என் முகத்தில் அடித்தது. வாடை தெரியவில்லை.

"செவ்வாக்கிழம வாங்க," என்றேன்.

தலையாட்டினார். டேங்கைச் சட்டைப் பையில் சிகரெட் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

கடைக்குத் திரும்பினபோது ஒரு பெண் தன் டேங்கோடு காத்திருந்தாள். தொழிற்சாலை உடுப்பு, அவசரம். பஞ்சு மாற்றினேன், வழக்கத்தைவிட மெலிசாக. வழக்கம்போல அவள் நான் இழுப்பதற்காகக் காத்து நின்றாள். நான் டேங்கை அவளிடம் நீட்டினேன்.

"நீங்க மொதல்ல இழுங்க. நல்லா இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

"ஏன், நீங்க பாக்க மாட்டீங்களா?"

தவுக்கே போனிலிருந்து தலையைத் தூக்கினார். என் கழுத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தை.

"லோகேஸ், என்னா லா? நீ ஏன் இழுக்கல?"

கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, வாய்முனையோடு அவர் மேசையில் வைத்தேன். பிறகு அந்தப் பெண் இருக்கும்போதே நாக்கு போனதைச் சொன்னேன்.