எண்பதாவது செடி

மக்காச்சோள வீரிய ரகத்தை எவ்வளவு நெருக்கி நட்டால் விளைச்சல் கூடும், எந்த நெருக்கத்தில் கதிர் சிறுத்து மணி பொக்காகும் என்று பார்க்கும் பண்ணை அது. அக்காவுக்கும் தங்கைக்கும் அங்கே செடி எண்ணுகிற வேலை. ஆளுக்கொரு முனையிலிருந்து சத்தமாக எண்ணிக்கொண்டே வருவார்கள். நடுவில் கை தொட்டுக்கொண்டு, இரண்டு எண்ணையும் கூட்டி ஏட்டில் எழுதுவார்கள்.

ஆக நெருக்கமான பன்னிரண்டாம் பாத்தியில் ஒரே நீண்ட வரிசை. அதற்குள் நுழைந்தால் இலை முகத்தைக் கிழிக்கும். போன வாரம் அக்கா நுழையாமலே ஏட்டில் எண்பது என்று போட்டுவிட்டாள்.

"விதைச்சது எம்பதுடி. நிக்கிறதும் எம்பதுதான். எண்ணினா கூடவா போகுது?"

ஒரு விதை முளைக்கவில்லை என்பது தங்கைக்குத் தெரியும். அந்த இடைவெளியில் அடையாளக் குச்சி ஊன்றியவளே அவள்தான். ஆனால் அக்காவிடம் வாய் கொடுத்து மீண்டவர் யார்?

இன்று உச்சிவெயிலில் பண்ணை அதிகாரி வந்தார். "பன்னெண்டை மறுபடி எண்ணிடுங்கம்மா. நான் ஏழாம் பாத்தியை எண்ணிப் பாக்குறேன்" என்று போனார்.

இருவரும் நுழைந்தார்கள். அக்காவின் குரல் எதிரே நெருங்கி வந்தது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. தங்கை நாற்பதை எட்டிக் கையை நீட்டினாள். கையில் பட்டது ஒரு தண்டு. பக்கத்தில் அவள் ஊன்றிய குச்சி. வெறும் மண்ணாக இருந்த இடத்தில் ஆளுயரச் செடி, கதிரே இல்லாமல்.

"நாப்பது" என்றது அக்காவின் குரல், அந்தத் தண்டிலிருந்து. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது.

தங்கை வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டில் எழுதியது முளைத்தல்லவா நிற்கிறது! குறைந்த ஒன்றுக்கு ஈடாக, எண்ண வந்தவளையே பாத்தி எடுத்துக்கொண்டுவிட்டது.

விழுந்தடித்து வெளியே ஓடினாள். வரப்பில் கிடந்த ஏட்டில் எண்பதை அடித்து, எழுபத்தொன்பது என்று எழுதினாள்.

இலைகள் விலகின. அக்கா முகமெல்லாம் கீறலோடு வந்தாள். தங்கை அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எதுக்குடி அழற? இப்பதானே என் கையைப் புடிச்ச?"

ஏழாம் பாத்திக்குள் ஒரே இடத்திலிருந்து அதிகாரியின் குரல் கேட்டது. "ஒண்ணு... ஒண்ணு... ஒண்ணு..."

"அக்கா, ஏழுல எவ்வளவு எழுதின?"

"அதுவும் குத்துமதிப்புதான்."

"சரியான கணக்கு எவ்வளவு? சொல்லு, மாத்திடலாம்."

"யாருக்குடி தெரியும்? உள்ள போய் எண்ணினாத்தான்."