ஏழாம் படுக்கைக்கு வந்த வழி

...கையில் இல்லையென்றால் வேறு எங்கே, குழாயிலா, குழாயைத்தான் இரண்டு தடவை துடைத்தெடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தாயிற்றே, சுத்தம், மூச்சு இயந்திரத்தின் குழாய்களும் சுத்தம், ஆனால் ஏழாம் படுக்கைக்கும் அதே கிருமி வந்துவிட்டது, எந்த மருந்துக்கும் மசியாத கிளெப்சியெல்லா, இருபது நாளில் மூன்றாவது ஆள், முதல் ஆள் செவ்வாயன்று இறந்தும் போனார்... ஆந்திஜான் நகரத்து மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், கை கழுவும் தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு, மடியில் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள் முக்லிசா. தொற்றுத் தடுப்பு டாக்டர். ஒவ்வொருவர் கை கழுவுவதையும் சோதித்து டிக் போடுவதால் நர்ஸுகள் வைத்த பெயர் சுங்க அதிகாரி. மணி பதினொன்று. பன்னிரண்டுக்கு மூன்று மாதக் குழந்தை அஸீஸுக்கு இதய ஆபரேஷன், முடிந்ததும் இந்த அறைக்குத்தான் வரும், வரலாமா கூடாதா என்று இவள் சொல்லியாக வேண்டும். வந்தால் கிருமி, தாஷ்கெண்டுக்கு அனுப்பினால் ஐந்து மணி நேர ரோடு, குழந்தை தாங்காது என்று சர்ஜன் இல்ஹாம் காலையிலேயே கையை விரித்துவிட்டார். இரண்டில் எதைச் சொல்வது?

தலைமை நர்ஸ் ஷரோஃபத் அக்கா வந்து குழாயைத் திறந்தார். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, ஒரு நிமிடத்துக்கு ஒரு நொடி குறையவில்லை, பேரன் எடுத்த வயசுல பரீட்சை எழுத வைக்கிறியேம்மா, போடு இன்னொரு டிக், என்றார். போட்டாள். எல்லாருக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக், நூற்றுக்கு நூறு, பிறகு எப்படி, படிவம் பொய் சொல்கிறதா, குழாயை மூடியதும் கடைசி டிக், அதோடு கண் காகிதத்துக்குப் போய்விடும்... இந்தத் தடவை போகவில்லை. அக்கா ஈரக் கையை உதறாமல் ஏந்தியபடி நின்றார். இங்கே யார் உதறுவார்கள், விருந்தில் கைக்குத் தண்ணீர் ஊற்றினால் சொட்டுச் சொட்டாக உதறுகிறவனை யாரும் மதிப்பதில்லை, துண்டு நீட்டும்வரை காத்திருக்க வேண்டும், ஆறு வயதில் இதற்காக அடியே வாங்கியிருக்கிறாள். அக்கா கொக்கியில் தொங்கிய பூ வேலை செய்த வெள்ளைத் துண்டில் பதமாகத் துடைத்தார். ஓரம் ஈரமாக இருந்தது. காலையிலிருந்து எத்தனை கைகள்? பன்னிரண்டு பேரா, ஆளுக்குப் பத்துத் தடவையா...

“அக்கா, இது எப்பலேர்ந்து தொங்குது?”

“பேப்பர் டவல் தீர்ந்ததுலேர்ந்துதான். மூணு வாரம் ஆச்சே. தினம் வெந்நீர்ல துவைச்சுக் கொண்டாறேன். பின்ன என்ன, வீடு வாசல் இல்லாதவ மாதிரி கையை உதறிக்கிட்டு நிக்கணுமா?”

மூன்று வாரம். முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்து இருபது நாள். அக்கா கொக்கியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், முகம் வெளுத்தது.

“நானா?”

இல்லை என்று சொல்ல வாய் வந்தது, ஆமாம் என்று சொல்லவும் வந்தது, குழாயோடு முடிகிற படிவத்தை வரைந்தது நான்தானே, என்று மட்டும் சொன்னாள். கையுறை போட்டு, துண்டைப் பையிலிட்டுக் கட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினாள். முடிவு நாளைக்குத்தான். இல்ஹாமுக்குப் போன் போட்டாள், துண்டு விஷயத்தைச் சொல்லி, ஒரு நாள் கிடைக்குமா என்று கேட்டாள்.

“நாளை வரைக்கும் அந்த இதயம் தாங்காது முக்லிசா. மேல்மாடியில தனி ரூம் தர்றேன், பிரசவ வார்டு நர்ஸைக் கூப்பிட்டுக்கறேன். உங்க ரூம்லேர்ந்து வேற ஒரு ஆளும் வரக்கூடாது. நீ மட்டும் வா. உன் கையை நம்பலாம்.”

சரி என்றாள், போனை வைத்தாள், படியேறினாள், தப்பித்தது குழந்தை என்று நிம்மதியாக மூச்சு விடக்கூடத் தோன்றியது, நான்காவது படியில் கால் நின்றது... ஏழாம் படுக்கை, வியாழக்கிழமை சுத்தமாக இருந்த ஆள், வெள்ளிக்கிழமை காய்ச்சல், இரண்டுக்கும் நடுவில் தொண்டையில் குச்சி விட்டுச் சோதனைக்கு மாதிரி எடுத்தது யார், அவள்தான், கையுறை போடுமுன் ஒழுங்காகக் கை கழுவிக்கொண்டாள், அது நன்றாக நினைவிருக்கிறது, அதன் பிறகு ஈரக் கையை என்ன செய்தாள்?