செபநாயகத்தின் கடைசி ஆசை

காலையில் தின்ற பிட்டு மாலையில் அப்படியே வாந்தியாய் வெளியே வந்து விழும். மூன்று மாதமாகச் செபநாயகத்துக்கு இதே பாடு. குருநகரில் வள்ளத்தை ஒற்றையாய்த் தள்ளிக் கடலில் இறக்கியவர், கட்டிய சாரம் நிற்க இடுப்பில் சதையில்லாமல் வற்றிப்போனார். ஆஸ்பத்திரியில் வாய்வழியே கமரா விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையைத் தாண்டிக் குடல் தொடங்கும் இடத்தில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி. சாப்பாடு இறங்க வழியில்லை. சின்னத் துண்டொன்றைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

தெருவில் ஒருவரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

மகள் றொசாந்திக்கு மருதனார்மடத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கூட வேலை செய்த கோகுலனைத்தான் கட்டுவேன் என்று இரண்டு வருடமாய் நின்றாள். அவன் சைவப் பெடியன். செபநாயகம் கத்திப் பார்த்தார், முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்து பார்த்தார். அவள் அசையவில்லை. இப்போது கத்தத் தேவையே இருக்கவில்லை.

"பிள்ளை, நான் போறதுக்கு முந்தி உன்னை மணக்கோலத்திலை பாக்கவேணும். பிலிப்புவின்ரை மகன் ஜெனிஸ்ரனைக் கேட்டுப்போட்டன். இதுதான் என்ரை கடைசி ஆசை."

அன்று முழுக்க அழுதாள். மறுநாள் வீங்கிய கண்களோடு வந்து, "ஓம் அப்பா" என்றாள்.

கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில் சோதனை முடிவு வந்தது. செபநாயகம் தனியாகத்தான் போயிருந்தார்.

"ஐயா, துண்டிலை புற்றுநோய் ஒண்டும் இல்லை," என்றார் டொக்டர். "ஆனால் கட்டி ஆழத்திலை இருக்கு. வெட்டி எடுத்து முழுசாய்ப் பாத்தால்தான் நிச்சயமாய்ச் சொல்லலாம். அனேகமாய்ப் பயப்பிட ஒண்டும் இராது."

ஆஸ்பத்திரி வாசலில் நின்று சிலுவை போட்டார். கண்ணீர் வந்தது. பஸ் நிலையத்துக்கு நடந்து போவதற்குள் கலியாணம் நினைவுக்கு வந்தது. இது தெரிந்தால் றொசாந்தி நாளைக்கே மாறிவிடுவாள்.

"என்னவாம்?" என்று வாசலிலேயே கேட்டாள் மனைவி யோசப்பின்.

"வெட்டினால்தான் தெரியுமாம்."

அது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கலியாணத்தன்று கோயிலில் அவருக்கொரு கதிரை போட்டார்கள். வந்தவர்கள் பொம்பிளையைப் பார்த்ததைவிட அவரைப் பார்த்து அழுததுதான் அதிகம்.

அடுத்த மாதம் ஒப்பரேஷன் நடந்தது. "குடலிலை இருக்கிற சின்னச் சுரப்பியள் அளவுக்கு மிஞ்சி வளந்து, வழியை அடைச்சிருக்கு. கெட்டது இல்லை. இனிச் சாப்பிடலாம்," என்றார் டொக்டர். சில கிழமைகளில் செபநாயகம் சோறும் மீன்குழம்பும் வயிறாரச் சாப்பிட்டார்.

கிளினிக் கடதாசிகளை ஒழுங்குபடுத்திக் கொடுக்க றொசாந்தி வந்திருந்தாள். மருந்துக்கடைக்கு இனிப் போகக்கூடாது என்று கலியாணம் முடிந்த ஆறாம் நாளே ஜெனிஸ்ரன் அவளை மறித்துவிட்டான். குடித்துவிட்டு வந்தால் கோகுலனின் பெயரைச் சொல்லியே அடிப்பான். அதை அவள் வீட்டில் சொல்வதில்லை. கையில் இருந்த தழும்பு சொன்னது.

முதல் சோதனை முடிவின் திகதியில் அவள் கண் நின்றது.

"அப்பா, கலியாணத்துக்கு முந்தியே உங்களுக்குத் தெரியும்."

"நிச்சயமெண்டு டொக்டர் சொல்லேல்லை, பிள்ளை..."

"நான் சாகப்போற மனிசனுக்குத்தான் ஓம் சொன்னனான்."

குசினியிலிருந்து யோசப்பின் ஓடிவந்தாள். "விடு பிள்ளை. அப்பா தப்பிட்டார்தானே."

"ஓம் அம்மா. அவர் தப்பிட்டார்."

கடதாசியைத் திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

கோயில் திருநாள் முடிந்த ஞாயிறு, செபநாயகம் பிழைத்ததை ஆண்டவர் செய்த புதுமையென்று சொல்லி, பூசைக்கு வந்தவர்கள் முன் சாட்சி சொல்லச் சுவாமியார் அவரைக் கூப்பிட்டார். பெண்கள் பக்கத்தில், ஜெனிஸ்ரனின் தாய்க்கு அருகே, றொசாந்தி நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் முழுக்கக் காத்திருந்தது. மைக்கைப் பிடித்த செபநாயகம், அவள் பக்கம் திரும்பாமலே "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள்.