வசந்தியின் காப்புக் கயிறு

பூனைக்கண் அதிர்ஷ்டமாம்! கேட்டுக் கேட்டு மணியம்மைக்குக் காது புளித்துப்போயிருந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனால் அவளுடைய இரண்டு வயது மகள் வசந்தியின் வலது கண் வெள்ளையாக மினுங்கும். உடனே கே.ஜி.கண்டிகைப் பெண்கள் கூடி நின்று மகாலட்சுமி என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள். ஒருத்தி நந்தியாவட்டைப் பூவைப் பிழியச் சொன்னாள். இன்னொருத்தி தாய்ப்பால் விடச் சொன்னாள்.

பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரி டாக்டர் மூடி மறைக்கவில்லை. கண்ணுக்குள் புற்று. இந்த வாரமே அந்தக் கண்ணை எடுத்தாக வேண்டும், விட்டால் மூளைக்கு ஏறி உயிரே போய்விடும். புருஷன் கஜபதி ஆங் ஆங் என்று தலையாட்டினான். துணிமணி எடுத்துவரலாம் என்று ஊருக்குத் திரும்பினார்கள். அதுதான் பிசகாகிப்போனது.

மறுநாள் காலையில் அவள் தண்ணீர் எடுத்துவருவதற்குள், கஜபதியும் அவன் அக்கா தாயம்மாளும் குழந்தையின் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டிருந்தார்கள். திருத்தணி முருகனுக்குக் காவடி வேண்டுதல். காப்புக் கட்டினால் ஆடிக்கிருத்திகைக்குக் காவடி கிளம்பும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கிருத்திகைக்கோ இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது.

"டாக்டர்கிட்ட தலையாட்டினீங்களே, அது யாரு தலைங்க?" என்றாள் மணியம்மை.

"சாமி கண்ணத் தொறக்கும். கொஞ்சம் பொறு" என்றான் கஜபதி.

"எல்லை தாண்டினா தெய்வ குத்தம்" என்றாள் தாயம்மாள்.

இவர்களோடு மல்லுக்கு நிற்க இனி அவளிடம் தெம்பில்லை. கயிற்றை அவிழ்த்துக் கஜபதியின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள். "அறுக்கல அண்ணி, கை மாத்திட்டேன். இவரு இங்கியே இருந்து காவடி எடுக்கட்டும். நான் கொழந்தைய இட்டுகினு போறேன்" என்று குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மூட்டையைத் தூக்கினாள்.

எல்லைக்கல் வரை கஜபதியும் கூடவே வந்தான். அங்கே கால் நின்றுவிட்டது. மணியம்மை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"வசந்தி" என்று குழந்தையின் வலப்பக்கத்திலிருந்து கூப்பிட்டான்.

குழந்தை அந்தப் பக்கம் பார்த்தது. அந்த வலது கண்ணுக்கு அவன் தெரியவில்லை போலும். தாயின் தோளில் முகவாயை உரசிக்கொண்டு கழுத்தை முழுக்க வளைத்துத் திருப்பி, இடது கண்ணால் அவனைத் தேடிப் பிடித்த பிறகுதான், "நைனா" என்று சிரித்தது.

கஜபதி அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. காப்புக் கட்டிய கையோடு கல்லைத் தாண்டி ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டான்.

"இதத்தானே காலையிலேருந்து தொண்டத்தண்ணி வத்தக் கத்திகினு இருக்கேன்" என்றாள் மணியம்மை. "வேகமா நடங்க, ரயிலு போயிடும்."