அழிப்பான் தொட்ட ஓரம்

எழுபதாம் ஆண்டு மலருக்குப் பள்ளியின் வரலாற்றை எழுதும் வேலை நூலகர் தலையில் விழுந்தபோது எல்லாரும் அவளைப் பாவம் பார்த்தார்கள். அவளோ உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தாள். இந்த வாய்ப்புக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

காரணம் அவள் அம்மா. வாசலில் கல் நட்ட அன்று முப்பத்திரண்டு பையன்களோடு பள்ளி தொடங்கியது என்பது ஊருக்கே மனப்பாடம். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, சிற்றாலயத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில் போதகரின் மனைவி ஒன்பது பெண்களுக்கு உயர்நிலைப் பாடம் நடத்தினார் என்பது அம்மாவின் கட்சி. அந்த ஒன்பதில் அம்மாவும் ஒருத்தி. கட்டடம் எழும்பியதும் பையன்களை உள்ளே சேர்த்துக்கொண்டு பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுபடி பெண்களைச் சேர்க்கப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

பழைய மாணவர் கூட்டம் நடக்கும்போதெல்லாம் அம்மா போய் நிற்பாள். அது ஏதாவது ஞாயிறு வகுப்பாக இருந்திருக்கும் என்று சிரித்த முகத்தோடு சொல்லி, அவளை விருந்தினர் வரிசையில் உட்கார வைப்பார்கள். இப்போது அவளுக்கு எண்பத்தைந்து. ஒன்பது பேரில் மிச்சம் அவள் ஒருத்திதான்.

மலர்க் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். படித்துப் போன பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் ‘அளவுகோல்’. கெட்டவர் இல்லை, ஆனால் கடவுளே நேரில் வந்தாலும் பிறந்த தேதிக்குச் சான்று கேட்கிற ரகம்.

“கண்ணால பார்க்கிற மாதிரி ஏதாவது கொண்டு வாம்மா, எழுதிடலாம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது,” என்றார்.

வருகைப் பதிவேடு கிடையாது. ஆனால் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. காலை ஜெபத்தில் வேதம் வாசிக்கிற பிள்ளை, வாசித்த பகுதியின் ஓரத்தில் பென்சிலால் தன் பெயரையும் தேதியையும் எழுத வேண்டும். இதை ஆரம்பித்து வைத்ததே போதகரின் மனைவிதான் என்று அம்மா சொன்னாள். தன் முறையில் வந்தது, இடிந்த மதிலைத் திரும்பக் கட்டியதைச் சொல்கிற அதிகாரமாம்.

பழைய வேதாகமம் நூலகத்தின் கண்ணாடி அலமாரியிலேயே இருந்தது. நூலகர் அதை எடுத்து அந்த அதிகாரத்தைப் புரட்டினாள். ஓரத்தில் ஒன்றுமே இல்லை. முன்னும் பின்னும் புரட்டினாள். எந்தப் பக்கத்திலும் ஒரு கீறல் கூட இல்லை.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் இதே பள்ளியில் படித்த காலம், பதினாலு வயது. ஆலயத்துக்குப் புது வேதாகமம் வந்தது. பழையதைக் காட்சிக்கு வைக்குமுன் கிறுக்கலையெல்லாம் நீக்கித் தரச் சொன்னார்கள். பத்து நாள் மதிய இடைவேளையில் உட்கார்ந்து தேய்தேய் என்று தேய்த்தவள் சாட்சாத் அவளேதான். ஒரு பெயரைக் கூட வாசித்துப் பார்க்கவில்லை. சீக்கிரம் முடித்தால் விளையாடப் போகலாம் என்பதே நினைப்பு. அதற்காக ஆண்டு விழாவில் பரிசு வேறு கொடுத்தார்கள். விருந்தினர் வரிசையிலிருந்து அம்மா கைதட்டினாள்.

மூக்கைச் சிந்திவிட்டு நூலகர் நிமிர்ந்தாள். விட்டுக்கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. அம்மா எழுத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? அம்மா பென்சிலைப் பிடித்தால் அடித்தாளிலும் எழுத்து விழும். அவள் கடிதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே படிக்கலாம் என்று அப்பா கேலி செய்வார்.

புத்தகத்தை ஜன்னலுக்குத் தூக்கிப் போய்ச் சாய்வெயிலில் பிடித்தாள். வெள்ளை ஓரத்தில் பள்ளம் பள்ளமாக எழுத்து எழுந்தது. அம்மாவின் பெயர், தேதி, வருஷம். வாசல் கல்லுக்கு ஒன்றரை வருஷம் முந்தியது.

அதோடு நிற்கவில்லை. நான்கு நாள் காலைகளில் பக்கம் பக்கமாகச் சாய்த்துப் பார்த்து, ஒன்பதில் ஏழு பெயர்களைக் கண்டெடுத்தாள். வெள்ளிக்கிழமை காலை அளவுகோலை அதே ஜன்னலருகே நிற்க வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, கடைசியில் விரலால் தடவிப் பார்த்தார்.

“யாரும்மா இதை அழிச்சது?”

“நான்தான் சார். பரிசெல்லாம் வாங்கியிருக்கேன்.”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அச்சுப்பிரதியில் முப்பத்திரண்டு பையன்கள் என்றிருந்த முதல் வரியை ஒரே கோடாக அடித்தார்.

விழாவில் பழைய மாணவர்களை ஆண்டு வரிசைப்படி உட்கார வைத்தார்கள். முதல் நாற்காலியில் அம்மா. வேதம் வாசிக்கும் முறையும் அவளுக்கே. பழைய புத்தகத்தில் அதே அதிகாரத்தைத் தடுமாறாமல் வாசித்து முடித்தாள். பென்சிலை நீட்டும்போது, அழித்தது தான்தான் என்று நூலகர் அவள் காதில் சொன்னாள். இத்தனை நாளாக வீட்டில் சொல்ல வாய் வரவில்லை.

அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். பழைய பள்ளத்தின் மேலேயே தன் பெயரை எழுதினாள். முனை ஒடிகிற வரை அழுத்தினாள்.

“இப்ப அழி பார்க்கலாம்,” என்றாள்.