குளிர்காலத்தில் இறங்காத காற்று

ஃபோல்கேவுக்கு வேண்டியது ஒரு துண்டுக் காகிதம். கார்ச் சக்கரத்தில் ஓட்டை இல்லை என்று மீர்யா எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அடுத்த வாரம் வியாழக்கிழமை குடியிருப்போர் சங்கக் கூட்டம். அங்கே எல்லோர் முன்னாலும் அதை எடுத்து வைப்பார்.

"ஓட்டை இருந்தா?" என்றாள் மீர்யா. துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் டயர் கடை அவளுடையது.

"இருக்காது. குன்வோர்தான் காத்தைப் பிடுங்கி விடுறா."

குன்வோர் அவர் கட்டடத்தில் மூன்றாம் மாடி. சைக்கிள்காரி. ஃபோல்கே காலையில் எஞ்சினை ஓடவிட்டு நிற்பதைப் பற்றிச் சங்கத்துக்கு ஒருமுறை எழுதிப் போட்டவள். போன ஆகஸ்டில் ஃபோல்கே, எல்லோருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறையின் கதவில் ஒரு சீட்டு ஒட்டினார். 'என் காரில் காற்றைப் பிடுங்குபவர் கவனத்துக்கு: நானும் கவனிக்கிறேன்.' யாருக்கு என்று எழுதவில்லை. யார் எழுதியது என்றும் இல்லை. கட்டடம் முழுக்க இரண்டு பெயரும் தெரிந்திருந்தது.

மறுவாரம் குன்வோர் தன் துவைக்கும் நாளை வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டாள். பதினோரு வருடம் இருவரும் அங்கே எதிரெதிரே நின்று படுக்கை விரிப்புகளை மடித்தவர்கள். அதன்பின் ஃபோல்கே தனியாக மடித்தார். விரிப்பு தரையைக் கூட்டியது.

"என்ன ஆதாரம்?" என்றாள் மீர்யா.

"போன கோடை முழுக்க முன்னாடி இடது சக்கரம். அஞ்சு நாளைக்கு ஒருதரம் இறங்கிடும். சீட்டு ஒட்டினேன். அக்டோபர்ல நின்னுச்சு. இப்ப ஏப்ரல், மறுபடி ஆரம்பிச்சிட்டா. இந்தத் தடவை பின்னாடி இடது. உஷாராயிட்டா."

"ஆகஸ்ட்ல ஒட்டின சீட்டுக்கு அக்டோபர்லதான் பயந்தாங்களா?"

"எதையும் யோசிச்சுத்தான் செய்வா."

"குளிர்காலத்துல ஏன் செய்யலயாம்?"

"விரல் விறைச்சுப் போகும்ல."

மீர்யா ஜாக்கியை உள்ளே தள்ளினாள். "அக்டோபர்ல நாலு சக்கரத்தையும் கழட்டிட்டுப் பனிக்கான குளிர்காலச் சக்கரம் மாட்டினீங்க. அது இரும்பு ரிம்."

"ஆமா."

"இது கோடைச் சக்கரம். அலாய் ரிம்."

"ஆமா."

அவள் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார்.

"இப்ப திரும்ப மாட்டினப்போ முன்னாடி இருந்ததைப் பின்னாடி போட்டீங்களா?"

"எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. டயர் சமமாத் தேய..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினாள். வால்வில் ஒன்றும் இல்லை. டயரில் ஒன்றும் இல்லை. ரிம்மின் விளிம்பிலிருந்து பொடிக் குமிழிகள் அவசரமில்லாமல் வந்தன.

"குன்வோர் உள்ள இருக்காங்க போல," என்றாள்.

டயரைப் பிரித்தாள். ரிம்மில் டயர் ஒட்டி உட்காரும் இடமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. "இருபத்திரண்டு வருஷக் கார். உங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவர் குளிர்காலத்துலயும் இதையே ஓட்டியிருக்கார். பனி உருக ரோட்டுல கொட்டுற உப்பு அரிச்சிருக்கு."

கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தாள். கறுப்புப் பசை தடவினாள். டயரை ஏற்றிக் காற்றடித்து மறுபடி தண்ணீரில் அமுக்கினாள். குமிழி இல்லை. ஃபோல்கே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"காகிதம் எழுதட்டுமா? 'ஓட்டை இருந்தது'ன்னு."

"வேண்டாம்."

"கையெழுத்தும் போட்டுத் தரேன்."

"வேண்டாம்மா."

ஐந்து நாள் பார்த்தார். காற்று இறங்கவில்லை. ஒருவேளை இறங்கலாம் என்று ஆறாம் நாளும் பார்த்தார். அன்று செவ்வாய். விரிப்புகளை அள்ளிக்கொண்டு கீழே போனார். சீட்டு இன்னும் கதவில் இருந்தது. உரித்தார். அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

குன்வோர் தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "வாங்க. கவனிக்க வந்தீங்களா?"

"கோடைச் சக்கரத்தோட ரிம் அரிச்சுப் போயிருந்தது," என்றார். "நீ ஒண்ணும் பண்ணல. தப்பு என்னுது. மன்னிச்சிடு."

"எட்டு மாசம்."

"ஆமா."

"கூட்டத்துல சொல்வீங்களா?"

"சொல்றேன். எல்லார் முன்னாடியும்."

அவள் இன்னொரு உறையை மடித்தாள். "குளிர்காலத்துல நான் ஏன் காத்தைப் பிடுங்க வரலன்னு நினைச்சீங்க?"

பொய் ஒன்றும் அகப்படவில்லை. "விரல் விறைக்கும்னு."

குன்வோர் அவர் கூடையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து உதறி, ஒரு முனையை அவர் பக்கம் எறிந்தாள்.

"கையுறை போட்டுக்கிட்டு வந்திருப்பேன், ஃபோல்கே. பிடி."